ஞாயிற்றுக்கிழமை பேக்கப்

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், மருந்து மாத்திரை சும்மா கிடைக்குமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் நான் சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி விட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்துபோன அத்தனை பேரின் பெயர், வயது, சர்க்கரை அளவு, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதும், என்றைக்காவது அது கெட்டுப்போனால் மீட்டெடுக்க ஒரு பிரதி எடுத்து வைப்பதும் என் பாடு. அந்தப் பிரதி எடுப்பதைத்தான் பேக்கப் என்கிறோம். ஒழுங்காக நடந்தால் யாருக்கும் தெரியாது, நடக்காவிட்டால் ஊருக்கே தெரியும். வீட்டில் பாத்திரம் தேய்ப்பது மாதிரியான வேலைதான்.

அந்த பேக்கப்தான் என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

முன்பெல்லாம் அது இரவில் ஓடி, விடிவதற்குள் முடிந்துவிடும். ஸ்கேன் படங்களையும் டேட்டாபேஸுக்குள்ளேயே போட ஆரம்பித்த பிறகு அது வீங்கிக்கொண்டே போனது. விடிந்த பிறகும் பேக்கப் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை ஓ.பி. சீட்டு போடும் கவுன்டர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. எழுமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ரத்தம் குடுக்கணும்னு அம்புட்டுத் தூரத்துல இருந்து வெறும் வயித்தோட வந்திருக்கோம். ஒரு பேரை அடிக்க இம்புட்டு நேரமா? உங்க மிஷினைத் தூக்கி வைகையில போடுங்க!" என்று கத்தினார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. தண்ணீர் இருந்திருந்தால் நானே போட்டிருப்பேன்.

அன்று மதியமே எங்கள் மேனேஜர் முடிவெடுத்துவிட்டார். இனி பேக்கப் ஓ.பி. இல்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும். மற்ற நாட்களில் அன்றன்றைக்கு நடந்தவற்றின் பதிவை மட்டும் தனியே ஒதுக்கி வைத்தால் போதும். ஒருமுறை டிஸ்க் நிரம்பி பேக்கப் பாதியில் நின்றுபோனது யாருக்கும் தெரியாமலே கிடந்ததால், ஞாயிறன்று ஓர் ஆள் கூடவே இருந்தாக வேண்டும் என்றும் சொன்னார். யார் அந்த ஆள் என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கென்னக்கா, பிள்ளையா குட்டியா? ஏசி ரூம்ல ஹாயா உக்காந்து புத்தகம் படிக்கலாம்ல" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். அவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. நல்ல பையன், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சிரித்துக்கொண்டே, "ஆமா, வீட்ல இருந்து மட்டும் என்னத்தை வெட்டி முறிக்கப்போறேன்" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

வீட்டில் இருந்து வெட்டி முறிக்க எதுவும் இல்லை என்பது உண்மைதான். பசுமலையில் ஒரு மாடிப் போர்ஷன். அம்மா அப்பா இருவரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களாக இருந்தவர்கள், இப்போது இல்லை. தம்பி கனடாவில் இருக்கிறான். எனக்குக் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பது தனிக்கதை, கேட்கும்படியான கதையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒரு வரிசை இருந்தது. எங்கள் ஆலயத்தின் பாடகர் குழுவில், ஆல்டோ வரிசையில், ஜன்னலோரமாக என் இடம். காலேஜில் சேர்ந்த வருடம் போய் நின்றவள், நாற்பது தாண்டியும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆல்டோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டின் மெட்டைப் பாடுகிற பெண்கள் சோப்ரானோ. அவர்களைத்தான் எல்லோரும் கேட்பார்கள். ஆல்டோ அதற்குக் கீழே ஓடுகிற குரல். பாதி நேரம் ஒரே சுரத்தில் நிற்கும், திடீரென்று ஒரு படி இறங்கும், மறுபடியும் நிற்கும். தனியாகப் பாடிப் பார்த்தால் அது பாட்டாகவே இருக்காது. மற்ற குரல்களும் சேரும்போதுதான் நாம் என்ன பாடினோம் என்பதே நமக்குக் கேட்கும். வாரம் முழுக்க நான் எதிர்பார்த்திருந்தது அந்தச் சில நிமிடங்களைத்தான். அதைத்தான் டீ நேரத்தில் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்திருந்தேன்.

முதல் சில மாதங்கள் போன் வந்தது. "என்ன, ஆளையே காணோம்?" என்பார்கள். "வேலை இருக்குக்கா, அடுத்த வாரம் வந்துருவேன்" என்பேன். அடுத்த வாரமும் பேக்கப் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பிறகு போன் குறைந்தது. போதகர் மாற்றலாகிப் போனார். பாட்டு மாஸ்டர் மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். இதெல்லாம் பால் வாங்குகிற கடையில் காதில் விழுந்த செய்திகள். இப்படியே சில வருடங்கள் ஓடின. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் போவேன். உள்ளே இடம் இருக்காது. வெளியே பந்தலில் கூட்டத்தோடு நின்று, ஸ்பீக்கரில் வருவதைக் கேட்டுவிட்டுத் திரும்புவேன். ஆலயம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஞாயிறு விடிந்ததும் நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அதற்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் வெறுமை தெரியும். வார்டுகளில் ஆள் இருக்கும். ஓ.பி. கட்டிடத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. பெஞ்சுகளைத் தூக்கிக் கவிழ்த்து, பினாயில் ஊற்றிக் கழுவி விட்டிருப்பார்கள். கேன்டீனில் டீயும் பன்னும் மட்டும் கிடைக்கும். சர்வர் அறையில் ஏசி எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும், சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார முடியும். திரையில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும். அது நகர்வதே தெரியாது. காலையில் ஆரம்பித்தால் தெருவிளக்கு எரியும்போதுதான் முடியும்.

பேச ஆளில்லாததால் பாட ஆரம்பித்தேன். இரைச்சலில் வெளியே கேட்காது என்ற தைரியம்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது ஆல்டோ மட்டும். மெட்டைப் பாடிப் பழக்கமே இல்லை. நின்ற இடத்திலேயே நிற்கிற அந்தக் குரலை நாளெல்லாம் பாடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் செக்யூரிட்டி அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, ஏதும் மிஷின்ல சத்தம் வருதோன்னு பயந்துட்டேன்" என்றார். பாட்டு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "மெட்டே பிடிபடலையேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயமான விமர்சனம். அன்று அதற்குப் பிறகு எனக்குப் பாட வரவில்லை. அழுகை வந்தது, பழியை ஏசியின் குளிர் மேல் போட்டேன்.

தம்பி ஞாயிறுதோறும் கூப்பிடுவான். "சாப்டியா? உடம்பு எப்படி இருக்கு? வீட்டு ஓனர் தண்ணி ஒழுங்கா விடுறாரா? ஆபீஸ்ல எப்படி?" என்று வரிசையாகக் கேட்பான். எல்லாம் அப்படியே இருக்கிறது என்பேன். "வேற?" என்பான். "வேற ஒண்ணுமில்லப்பா" என்பேன். பாடகர் குழுவில் இப்போது நான் இல்லை என்பதை அவனிடம் சொன்னதே கிடையாது. அவன் கேட்கிற கேள்விகளில் அது இல்லை, நானாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிறு மதியம், பொழுது போகாமல், பேக்கப்பின் கணக்கை மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது படித்தது மலையளவு, எடுத்து வைத்தது கையளவு. ஒரு லாரி மணலைச் சலித்து ஒரு பிடி கூழாங்கல்லைப் பொறுக்கின மாதிரி. எரிச்சலாக வந்தது. நாங்கள் எடுப்பது முழுப் பிரதிகூட இல்லை. முதலில் ஒரு முழுப் பிரதியை எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பின் மாறியதை மட்டும்தான் எடுப்போம். டேட்டாபேஸ் உள்ளுக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து கிடக்கும், பிளாக் என்று சொல்வோம். புதிதாக ஒருவர் வந்து சீட்டு போட்டால் சில பிளாக்குகள் மாறும். பல வருடம் முன்பு வந்துபோனவரின் எக்ஸ்ரே இருக்கிற பிளாக் மாறவே மாறாது. ஆனால் எது மாறியது, எது மாறவில்லை என்பது பேக்கப்புக்குத் தெரியாதே. அதனால் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இது மாறவில்லை, இதுவும் மாறவில்லை என்று தள்ளிக்கொண்டே போகும். என் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த 'மாறவில்லை'களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாறியதைக் குறித்து வைக்கிற வசதி டேட்டாபேஸிலேயே உண்டு. எப்போதோ பயிற்சி வகுப்பில் கேட்டு மறந்திருந்தேன். போலியோ சொட்டு மருந்து கொடுக்க வருகிறவர்கள் வீட்டுச் சுவரில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுப் போவார்களே, அது போலத்தான். ஒரு பிளாக்கில் ஏதாவது எழுதினால், எழுதும்போதே ஒரு சின்னக் கோப்பில் அதற்கொரு குறி விழுந்துவிடும். பேக்கப் வரும்போது தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டாம், குறி உள்ள வீட்டுக்கு மட்டும் போனால் போதும். அதை இயக்க ஒரே ஒரு வரிக் கட்டளைதான். அன்று சாயங்காலம் பேக்கப் முடிகிறவரை அதைப் பற்றியே படித்தேன். வெகுநாளைக்குப் பிறகு ஒரு ஞாயிறு எனக்குச் சீக்கிரம் போனது.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். அவர் சமயநல்லூரிலிருந்து தினமும் புல்லட்டில் வருகிறவர். மனிதருக்கு எதைத் தொட்டாலும் பயம்.

"ஓடுறதை எதுக்கும்மா நோண்டிக்கிட்டு?" என்றார்.

"ஓடலை சார், தவழுது."

"குறி போடுறேன்னு டேட்டாபேஸ் மெதுவாயிருச்சுன்னா? கவுன்டர்ல மறுபடியும் வேட்டியை மடிச்சுக்கட்டிட்டு வருவாங்க. நீங்களா பதில் சொல்வீங்க?"

சோதனைக்கென்று வைத்திருக்கும் இன்னொரு மிஷினில் ஓட்டிக் காட்டினேன். அரைமனதாகத் தலையாட்டினார். "சரி, பண்ணுங்க. ஆனா ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை இழுத்துச்சுன்னா பழையபடியே மாத்திருவேன். அப்புறம் எங்கிட்ட வரக்கூடாது" என்றார்.

எனக்கு அது போதும். அந்தக் குறி போடுகிற வசதியை ஓடவிட்ட பிறகு முதலில் ஒரு முழுப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு முன் மாறியது எதுவும் அதற்குத் தெரியாது, அடியிலிருந்து புதிதாகத்தான் தொடங்கும். அடுத்த ஞாயிறு அதை எடுத்தேன், இருட்டும்வரை ஆனது. அதற்கும் அடுத்த ஞாயிறு, விடியலில் போய் பேக்கப்பைத் தட்டிவிட்டு, கேன்டீனில் ஒரு டீ வாங்கி வந்து பார்த்தால், முடிந்துவிட்டது என்று திரையில் நிற்கிறது. நம்பாமல் எடுத்து வைத்ததைச் சரிபார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. டீ ஆறக்கூட இல்லை. சர்வர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால் வெயிலே இன்னும் ஏறவில்லை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை என் கையில் இருந்தது.

ஆராதனை தொடங்க நேரம் இருந்தது. நான் போகவில்லை. சாயம்போன சுடிதாரில் இருக்கிறேன், தலைக்குக் குளிக்கவில்லை, என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். இத்தனை நாள் கழித்து நேரே போய் அந்த வரிசையில் எப்படி நிற்பது? அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஊரே வரும், தோட்டத்துக் காய், சேவல், வாழைத்தார், வீட்டில் சுட்ட கேக் எல்லாம் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய்க்கு ரெண்டு குடும்பம் மல்லுக்கட்டும். அந்தக் கலகலப்பில் போய்ச் சேர்ந்துகொள்வது சுலபம் என்று நினைத்தேன். பாடகர் குழுவின் வாட்ஸப் குரூப்பில், "பண்டிகைக்கு வந்துவிடுவேன். ஆல்டோவில் நிற்கலாமா?" என்று எழுதிப் போட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து பழைய மாஸ்டர் மட்டும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த குரூப்பை விட்டுவிட்டு வேறொரு குரூப்பை எப்போதோ ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

திங்கட்கிழமை மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "என்னம்மா, டீக்குடிக்கிற நேரத்துல முடிஞ்சிருச்சாமே!" என்று பிரிவு பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பயந்தவருக்குத் துணிச்சல் வந்தால் தாங்காது. "இம்புட்டு வேகம்னா எதுக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்? தினமும் எடுங்க. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை மட்டும் முழுப் பிரதிக்கு அப்புறம் மாறினது எல்லாத்தையும் மொத்தமா ஒரே கட்டா எடுத்துருங்க" என்றார். எனக்கும் அதில் ஆட்சேபம் தோன்றவில்லை. வாரம் முழுக்கக் காலையும் மாலையும் ஓட்டினேன். கவுன்டரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பண்டிகை ஞாயிறு அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். முதல் நாளே மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய பெரிய சர்க்கரைப் பூசணியை ஸ்கூட்டியில் காலடியில் வைத்துக்கொண்டு, விடியலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெயிலில் வைத்தால் கெட்டுவிடுமோ என்று பூசணியையும் சர்வர் அறைக்குள் தூக்கிக்கொண்டு போனேன். பேக்கப்பைத் தட்டிவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சதவீதம் அசையவே இல்லை.

ஏதோ கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிழை எதுவும் காட்டவில்லை. காட்டியிருந்தால் சண்டையாவது போடலாம். அது பாட்டுக்கு அமைதியாக, பழையபடி, ஒவ்வொரு பிளாக்காகத் திறந்து படித்துக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுப் போகலாம். ஒரு ஞாயிறு இழுத்தாலே போச்சு, பேக்கப்பே இல்லை என்றால் மேனேஜர் அத்தோடு ஏறக்கட்டிவிடுவார். ஓடவிட்டால் நான் கூடவே இருக்க வேண்டும். ஆராதனை தொடங்குகிற நேரம் வந்தது, போனது. பட்டுப்புடவையில், சால்வையைப் போர்த்திக்கொண்டு, எதிரில் ஒரு பூசணிக்காயோடு உட்கார்ந்திருந்தேன்.

செக்யூரிட்டி அண்ணன் எட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார், பூசணியையும் பார்த்தார்.

"மிஷினுக்குத் திருஷ்டி சுத்தவாக்கா? அதுக்கு வெள்ளைப் பூசணியில்ல வாங்கணும். இது சாம்பாருக்குத்தான் ஆகும்."

"சாம்பாருக்குத்தாண்ணே. நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார். என் காணிக்கை அவர் வீட்டு அடுப்பில் ஏறியது. அவ்வளவு பெரிய பூசணி அது, பண்டிகையில் நிச்சயம் ரெண்டு குடும்பம் அடித்துக்கொண்டிருக்கும்.

காரணத்தை அன்று மதியமே கண்டுபிடித்துவிட்டேன். கையேட்டில் ஓர் ஓரத்தில் ஒரே ஒரு வாக்கியம். அந்தக் குறிக் கோப்பு எல்லாக் காலத்துக் குறிகளையும் வைத்திருக்காது. ஒவ்வொரு முறை பேக்கப் எடுக்கும்போதும் அது ஒரு புதுப் பக்கத்தைத் திறக்கும். அதற்கு இருப்பது கொஞ்சம் பக்கங்கள்தான். தீர்ந்ததும், இருப்பதிலேயே பழைய பக்கத்தை அழித்துவிட்டு அதில் எழுத ஆரம்பிக்கும். நாங்கள் காலையும் மாலையும் பேக்கப் எடுத்து எடுத்துப் பக்கங்களைத் தீர்த்துவிட்டோம். முழுப் பிரதிக்கு அடுத்தாற்போல் இருந்த பக்கம் அழிந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேக்கப்போ அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டது. அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது அது யாரிடமும் சொல்லாது, பேசாமல் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து படிக்கத் தொடங்கிவிடும். வேகமாக ஓடுகிறதே என்று அளவுக்கு மேல் ஓட்டியதுதான் தப்பு.

திங்கட்கிழமை மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல? பழையபடியே வச்சுக்குவோம்மா. அக்கடான்னு ஞாயித்துக்கிழமை பூராவும் ஓடட்டும்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "அது ஓடும் சார். நான்தான் உக்காந்திருக்கணும். எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுக்கும்மா?" என்றார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"சர்ச்சுக்குப் போகணும். பாட்டுக்குழுவுல பாடிக்கிட்டு இருந்தேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்புட்டுத்தானா? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நானே வந்து உக்காந்திருப்பேனே. சமயநல்லூர் என்ன சந்திரமண்டலத்துலயா இருக்கு?" என்றார். பக்கத்து நாற்காலிக்காரனும், "ஆமாக்கா, நாங்க மாத்தி மாத்தி வந்திருப்போம்ல. உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே நெனச்சோம்" என்றான்.

அவர்கள் மனசாரத்தான் சொன்னார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஒருவரும் என்னை அந்த அறைக்குள் தள்ளிப் பூட்டவில்லை. எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது, அது மற்றவர்களுக்கும் தெரியும் என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன். "வேண்டாம் சார், நானே சரிபண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இடத்துக்கு வந்தேன். வீம்புதான், வேறென்ன.

சரிசெய்வது பெரிய வித்தையில்லை. ஒவ்வொரு பேக்கப்பும் அதற்கு முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுத்தால் போதும், ஞாயிறும் அப்படியே. பழைய பக்கத்தைத் தேடவே வேண்டியதில்லை. மொத்தக் கட்டு என்று ஒன்று வேண்டுமானால் அரசு விடுமுறை நாளில் புதிதாக ஒரு முழுப் பிரதியே எடுத்துக்கொள்ளலாம். மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டார். வாரம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன், எங்கேயும் இழுக்கவில்லை.

அந்த ஞாயிறு விடியலில் பேக்கப் சொன்ன நேரத்துக்கு முடிந்தது. சரிபார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, சாதாரணக் காட்டன் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு நடந்தே போனேன். நேரே போய் வரிசையில் நிற்கிற துணிச்சல் இல்லை. முதலில் சபையோடு உட்காருவோம், ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவில் யாரையாவது பிடித்துப் பேசுவோம் என்று திட்டம். பெண்கள் பக்கம் நடுவில் ஓர் இடம் கிடைத்தது. ஆலயத்துக்குள் புது ஃபேன், புது திரை, பாட்டு வரிகள் இப்போது திரையில் வருகின்றன. பாடகர் குழு எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். ஆல்டோவில் பெரும்பாலும் காலேஜ் பெண்கள். அவர்கள் நடுவில், முன்பு எனக்குப் பக்கத்தில் நின்று பாடிய தோழி ஒருத்தி மட்டும் அப்படியே இருந்தாள். ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பாடியவர்கள் நாங்கள். என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்திச் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

பாட்டு தொடங்கியது. எனக்குத் தெரிந்த பழைய பாட்டு. யோசிக்காமல் ஆல்டோவை எடுத்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் மெட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைப் பெண்மணி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், பிறகு இரக்கத்தோடு எனக்குக் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே மெட்டைப் பாடினார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். என்றாலும் நிறுத்தவில்லை.

அறிவிப்புகளின்போது புதுப் போதகர் மைக்கருகே வந்தார். இளவயதுக்காரர், முகமெல்லாம் சிரிப்பு. "இன்றைக்கு நம்முடைய ஆலயத்துக்கு முதல் முறையாக வந்திருக்கிறவர்கள் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள், நாங்கள் உங்களை வரவேற்க வேண்டும்" என்றார். பின்னால் ஒரு தம்பதி எழுந்தார்கள், தூத்துக்குடி பக்கமாம். கைதட்டினோம். நானும் தட்டினேன். அப்போது வரவேற்புக் குழுவில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி குனிந்து என் தோளைத் தொட்டாள்.

"ஆன்ட்டி, நீங்களும் எழுந்திரிங்க. கூச்சப்படாதீங்க."

நான் இந்தச் சபைதான், இங்கேதான் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பாள். இங்கேதான் இருந்தேன் என்பதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? பாடகர் குழுவைப் பார்த்தேன். என் தோழி புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணோ அன்பாகக் கையைப் பிடித்தாள். எழுந்துவிட்டேன். மைக் என் கைக்கு வந்தது.

"வாங்கம்மா, எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?" என்றார் போதகர்.

"பசுமலை" என்றேன்.

சபையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. என் தோழி நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம பசுமலையேவா! ரொம்ப சந்தோஷம்மா. இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு வராம இருக்கலாமா? அடுத்த வாரமும் கட்டாயம் வரணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் தோழியும் தட்டினாள்.

"வாரேன் ஐயா" என்று மைக்கில் சொன்னேன்.